நாலு ஸ்பேஸ், ஒரு டேப்

கார் சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டு, "இனிமே இதை நான் எடுக்கமாட்டேன்" என்று ஐலா சொன்ன இடத்தில் போன வாரம் நின்றோம். சாவி இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அவள் எடுக்கவில்லை. அதை வேறு இடத்துக்கு மாற்றி வைக்க அவள் கணவன் ரஸ்ஸுக்கும் மனசு வரவில்லை.

இடையில் விட்டுப்போனவர்களுக்காக நாலு வார்த்தை. ஐலாவின் விழித்திரை பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துகொண்டே வந்தது. இந்த இலையுதிர் காலத்தில் எழுத்து என்பதே அவளுக்கு இல்லாமல் போயிற்று. வெளிச்சம் தெரியும். ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும். ஜன்னலுக்கு வெளியே ஏரியும், அதில் தானியம் ஏற்றக் காத்து நிற்கும் கப்பல்களும் மனசுக்குள்தான்.

அவளும் ரஸ்ஸும் கனடாவில் தண்டர் பே என்கிற துறைமுக ஊரில் லார்ன் என்பவர் நடத்தும் சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவர்கள். துறைமுகத்துத் தானியக் கிடங்குகளில் லாரியை எடை போட்டு, எந்த விவசாயியின் கோதுமை எவ்வளவு என்று சொல்லும் புரோகிராம். பாதிக்கு மேல் ஐலாவின் கை.

லார்ன் கெட்டவர் இல்லை. இந்த மாதிரி விஷயத்தில் நல்லவர்களிடம்தான் நாம் உஷாராக இருக்கவேண்டும். "உன்னைக் கஷ்டப்படுத்த எனக்கு இஷ்டமில்ல ஐலா. வாடிக்கையாளர் ஃபோனை எடுத்துப் பேசற வேலைக்கு மாறிடேன். சம்பளம் அதேதான்" என்று தேன் தடவிச் சொன்னார்.

"யாராலயும் கண்டுபிடிக்க முடியாத ஒரு தப்பைக் குடுங்க லார்ன். துணைக்கு ஆள் இல்லாம நானே கண்டுபிடிச்சா என் நாற்காலி எனக்கு. இல்லாட்டி நீங்க சொல்ற ஃபோனை எடுக்கறேன்" என்று இவள் பதில் சொன்னாள்.

அவர் கொடுத்தார். கெடு இந்த வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி.

*

வெள்ளிக்கிழமை காலை. வெளியே நவம்பரின் முதல் பனி. ஐலா சாப்பாட்டு அறை மூலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் வரி வரியாகப் படித்துச் சொல்லும் குரலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். ஸ்கிரீன் அணைந்து கிடந்தது. அது யாருக்காக எரியவேண்டும்?

தப்பு இதுதான். சில நாள் மட்டும், ஒரு விவசாயியின் லாரிக் கோதுமை இன்னொருவன் பேரில் ஏறிவிடுகிறது. தினமும் இல்லை. எந்த நாளில் வரும் என்று சொல்லவும் முடியாது. கிடங்கில் போன மாதம் இரண்டு விவசாயிகள் சட்டையைப் பிடித்துக்கொள்ளாத குறை.

கண் உள்ளவர்கள் புரோகிராமைக் கண்ணால் மேய்கிறார்கள். சர்ரென்று மேலே போய், கீழே வந்து, ஓரக்கண்ணால் ஒன்றைப் பிடிக்கிறார்கள். காதுக்கு அந்த வசதி கிடையாது. காது ஒரு நேரத்தில் ஒரு வரிதான் கேட்கும். அதனால் ஐலா இரண்டு மாதமாக, புரோகிராம் எழுதும் தன் எடிட்டருக்கு வழி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பெயரின் மேல் நின்று ஒரு பட்டனைத் தட்டினால், அந்தப் பெயர் எழுதப்பட்ட இடத்துக்கே தாவவேண்டும். இன்னொரு பட்டனைத் தட்டினால், அதை யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று குரல் சொல்லவேண்டும்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, காலை காபி வரைக்கும். 'இப்போதைய லாரி' என்று ஒரு பெயர். தராசின் மேல் எந்த லாரி நிற்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும் இடம். அதன் மேல் நின்று பட்டனைத் தட்டினாள். ஒரே ஓர் இடத்துக்குத் தாவவேண்டிய எடிட்டர், எங்கே போகட்டும் என்று கேட்டு நீளமாக ஒரு பட்டியலைப் படிக்க ஆரம்பித்தது. பழசு ஃபோல்டர். ரொம்பப் பழசு ஃபோல்டர். தொடாதே ஃபோல்டர். தொடாதே புதுசு ஃபோல்டர்.

"அட லார்ன்!" என்று ஐலா தலையில் அடித்துக்கொண்டாள்.

லார்னுக்கு ஒரு பழக்கம். பெரிய மாற்றம் எதையும் செய்யுமுன் மொத்தப் புரோகிராமையும் ஒரு நகல் எடுத்துப் பக்கத்திலேயே போட்டு வைப்பார். பழைய செருப்பைத் தூக்கிப் போட மனசு வராத ஜாதி. எந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று இவள் எடிட்டர் குறித்து வைக்கும் இண்டெக்ஸில் அத்தனை நகலும் ஏறிவிட்டது. எது உயிரோடு இருப்பது, எது செத்தது என்று அதற்குத் தெரியாதே!

"என்னம்மா, ஏதாவது கோளாறா? நான் பாக்கட்டுமா?"

ரஸ் காபியோடு பின்னால் நின்றான். காலையிலிருந்து இது எத்தனையாவது காபியோ.

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன். லார்னோட குப்பைதான். கூட்டித் தள்ளிட்டிருக்கேன்."

அந்த நகல் ஃபோல்டர்கள் எதையும் எட்டிக்கூடப் பார்க்காதே என்று எடிட்டருக்கு எழுதி வைத்தாள். இண்டெக்ஸை அழித்துப் புதிதாகக் கட்டச் சொன்னாள். மறுபடி பட்டன். இந்தத் தடவை கேள்வியே இல்லை. நேராக ஒரே இடம். குரல் அந்த வரியைப் படித்தது.

"ரஸ்! போயிடுச்சு! நேராப் போயிடுச்சு!"

"அப்பாடா" என்றான் அவன். குரலில் சந்தோஷம் இருந்தது. அதைவிடக் கவலை அதிகமாக இருந்தது. ஐலா இப்போதெல்லாம் குரல்களை நன்றாகப் படிக்கிறாள். இதையும் படித்தாள்.

இங்கே ஒரு கல்யாணக் கதையும் சொல்லிவிட வேண்டும். புரோகிராமில் சில வரிகளை உள்ளே தள்ளி எழுதவேண்டும். அந்தத் தள்ளலுக்கு ஐலா ஸ்பேஸ் பட்டனை நாலு தடவை தட்டுவாள். ரஸ் டேப் பட்டனை ஒரு தடவை தட்டுவான். பார்க்க இரண்டும் ஒன்றேபோல் இருக்கும். ஆனால் இந்தத் தொழிலில் இது மதச் சண்டை. இருவரும் காதலித்த காலத்தில் பேசாமல் இருந்த ஒரே வாரம் இதற்காகத்தான். கல்யாண விருந்தில் லார்னே எழுந்து, "இவங்க வீட்ல பிள்ளைங்க எந்தப் பக்கம் சேருமோ, பாவம்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். பிள்ளைகள் பிறக்கவில்லை. சண்டை மட்டும் வளர்ந்து பெரிதாயிற்று. கடைசியில் ரஸ் விட்டுக்கொடுத்தான். அவள் எழுதிய ஃபைலைத் தொட்டால் ஸ்பேஸ், தன் ஃபைலில் டேப் என்று ஒப்பந்தம்.

*

மதியம் தங்கை ரித்வா வந்தாள். கதவைத் திறந்த வேகத்தில் வாசலில் கிடந்த பூட்ஸில் கால் தடுக்கி, கோட் மாட்டும் கொம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வீட்ல ஒரு லைட்டு போட்டா ஆகாதா? அத்தான், கரண்டு பில்லுக்குப் பயப்படறீங்களா?"

"லைட்டு எரியுதே ரித்வா" என்றான் ரஸ் உள்ளிருந்து.

"எரியற லட்சணம்!" என்றாள் அவள்.

ரித்வா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். வாய் பஸ்ஸைவிட வேகம். கையில் ஏலக்காய் மணக்க மணக்க புல்லா என்கிற இனிப்பு ரொட்டி, அவளே சுட்டது.

"இந்த நேரத்துல எப்படிடி வந்தே? மூணு மணிக்கு பஸ் எடுக்க வேணாமா?" என்று கேட்டாள் ஐலா.

"இன்னிக்கு வாத்தியாருங்களுக்கு ஏதோ பயிற்சியாம். ஸ்கூல் லீவு. வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம். காலையிலேர்ந்து நீ அடைக்கோழி மாதிரி உக்காந்திருக்கேன்னு அத்தான் ஃபோன்ல அழுவுறாரு."

மனசில்லாமல்தான் ஐலா கிளம்பினாள். தங்கை கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் வெள்ளைத் தடி.

"அப்படி என்னதான் பண்றே நாள் முழுக்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள் ரித்வா.

"நீ ஓட்டற ரூட்டு மாதிரி வச்சுக்க. ஒரு வரி இன்னொரு வரியைக் கூப்பிடும், அது இன்னொண்ணை. நான் ஒரு பட்டனைத் தட்டினா அங்க போயிடுவேன். அங்கேர்ந்து அடுத்த இடம். போறது சுலபம்டி. போயிட்டே இருந்தா எங்கேர்ந்து வந்தோம்னு மறந்துடும். கண்ணு இருந்தா சுத்திமுத்தும் பாத்து அடையாளம் கண்டுக்கலாம். எனக்கு அது இல்ல. முதல் வாரம் பூரா தொலைஞ்சு போயி உக்காந்து அழுதேன்."

"அப்புறம்?"

"திரும்பி வர்ற பட்டன்னு ஒண்ணு இருக்கு. எங்கெங்க தாவினோமோ அதையெல்லாம் எடிட்டர் ஞாபகம் வச்சிருக்கும். தட்டத் தட்ட ஒவ்வொரு இடமா பின்னாலயே கூட்டிட்டு வந்து, கிளம்பின எடத்துல விட்டுடும். அதைக் கண்டுபிடிச்ச அன்னிக்குத்தான் எனக்கு உயிரே வந்தது."

"அடேயப்பா. அந்த பட்டன் எனக்கு இருந்திருந்தா டெரெக்கைக் கட்டிக்கிட்டிருப்பேனா?"

ஐலா நடுத்தெருவில் நின்று சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று!

பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தபோது பிள்ளைகள் கூச்சல் போடுவது கேட்டது. "லீவுன்னியே?" என்றாள் ஐலா. "வெளையாட வந்திருக்கும் வாண்டுங்க" என்று ரித்வா அவளை வேகமாக இழுத்துக்கொண்டு போனாள். ஐலாவின் மனசு முழுக்க அந்த லாரி. அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் ரித்வா, "அக்கா, உனக்கு முதல் முதல்ல எப்படித் தெரிஞ்சது? கண்ணு விஷயம்" என்று கேட்டாள்.

"தியேட்டர்லதான். படம் ஆரம்பிச்சப்புறம் உள்ள போனா, எல்லாரும் சீட்டுக்குப் போயிடுவாங்க. நான் மட்டும் படியைத் தடவிட்டு நிப்பேன். பகல்ல ஒண்ணுமே தெரியாது. இருட்டுலதான் ஆரம்பம். ஏன் கேக்கறே?"

"சும்மாதான்" என்றாள் ரித்வா.

*

வீட்டுக்கு வந்ததும் ஐலா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். நாலு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். 'இப்போதைய லாரி' என்ற பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று தேடச் சொன்னாள். குரல் ஒவ்வொன்றாகச் சொன்னது. நடுவில் ஓரிடத்தில் தாவினாள். காதில் குரல் படித்தது:

"கவனம். இரண்டு தராசும் ஒரே இப்போதைய லாரியை எழுதுகின்றன."

புரோகிராமுக்கு நடுவில், படிக்கிறவர்களுக்காக எழுதி வைக்கும் குறிப்பு அது. 'கவனம்' என்று ஆரம்பிப்பது அவள் வழக்கம். என்றைக்கோ தானே எழுதி, தானே மறந்துவிட்டது போலிருக்கிறது! கிடங்கில் இரண்டாவது தராசு வந்ததே போன வருஷம்தான். ஒன்றில் ஒரு லாரி நிற்கும்போது இன்னொன்றில் அடுத்தது ஏறினால், பெயர் மாறிப்போகத்தானே செய்யும்?

"ரித்வா! கண்டுபிடிச்சிட்டேன்டி! ரஸ்! ரஸ், இங்க வா! நான் கண்டுபிடிச்சிட்டேன்!"

ரித்வா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். என்ன கண்டுபிடித்தாள் என்று அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ரஸ் வாசற்படியில் வந்து நின்றான். "எனக்குத் தெரியும் நீ பிடிச்சிடுவேன்னு" என்றான்.

அவசரமாகச் சொன்னான். கொஞ்சம் அதிக அவசரமாக.

ஐலா அந்தக் குறிப்பை மறுபடி கேட்க ஆசைப்பட்டாள். தாவி விழும்போது குரல் வரியை மட்டும்தான் படிக்கும். வரி வரியாக நடந்து வந்தால் முன்னால் உள்ள இடைவெளியையும் சொல்லும். இப்போது அவள் மேலே போய், நடந்து இறங்கி வந்தாள்.

"நாலு ஸ்பேஸ்" என்றது குரல் முதல் வரிக்கு. "நாலு ஸ்பேஸ்" என்றது அடுத்ததற்கு.

மூன்றாவது வரி, அந்தக் குறிப்பு. "டேப். கவனம்…"

ஐலாவின் விரல் அப்படியே நின்றது. இன்னொரு தடவை மேலே போய் வந்தாள். நாலு ஸ்பேஸ். நாலு ஸ்பேஸ். டேப்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"ரஸ், நான் வெளியே போயிருந்தப்ப இந்த ஃபைலைத் தொட்டியா?"

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆனது ரஸ்ஸுக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று நினைத்தவன், விரல் பழக்கத்தில் காம்பை வெளியே விட்டுவிட்டான்.

"ஐலா, நான் சும்மா ஒரு சின்ன…"

"தொட்டியா இல்லியா?"

"தொட்டேன்."

ரித்வா மெல்ல நழுவிப் போய்க் காபிப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவின பாத்திரம்தான் அது.

"கண்ணு போனப்ப அழுதேன்" என்றாள் ஐலா. குரல் உயரவில்லை, அதுதான் ரஸ்ஸுக்குப் பயமாக இருந்தது. "கார் சாவியை மாட்டினப்ப அழுதேன். சரி, போகட்டும், தலைக்குள்ள இருக்கறது என்னோடதுதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இப்ப நீயே வந்து அதுவும் போயிடுச்சுங்கறே. அதுவும் என் பேச்சு மாதிரியே எழுதி வச்சு! ஒரு நிமிஷம் முன்னாடி நான் எப்படிக் குதிச்சேன், பாத்தியா? அதைப் பாத்துக்கிட்டு எப்படி நின்னே ரஸ்?"

ரஸ் அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"நீ போனதும் உன் நாற்காலியிலதான் முதல்ல உக்காந்தேன். ஸ்கிரீனைப் போடல. கண்ணை மூடிக்கிட்டேன். நீ எப்படிப் பண்றேன்னு பாக்கணும்னு இருந்தது. ஒரு தாவல், இன்னொரு தாவல். அவ்வளவுதான், எங்க இருக்கேன்னே தெரியல. திரும்பி வரவும் தெரியல. நெஞ்சு அடைச்சிடுச்சு ஐலா. இந்த இருட்டுக்குள்ளயா இவ தினமும் தனியா உக்காந்திருக்கான்னு…" அவன் அழுதுவிட்டான். "என்னால தாங்க முடியல. என் லேப்டாப்புக்கு ஓடிப்போயி, அதுலேர்ந்தே உன் மெஷினுக்குள்ள புகுந்து எழுதினேன். உன்னால முடியாதுன்னு நெனச்சு இல்ல. என்னால முடியலையேன்னுதான்."

ஐலாவின் கை தானாகப் போய் அவன் தலைமேல் நின்றது. கோபம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். கோபமும் அந்தக் கையும் ஒரே நேரத்தில் இருக்க முடியும், கல்யாணமானவர்களுக்கு இது தெரியும்.

"எழுந்திரு. மூக்கைத் துடை" என்றாள். "இப்ப நான் லார்ன்கிட்ட என்ன சொல்றது? கண்டுபிடிச்சது நீ."

"நானே சொல்லிடறேன், தப்பு என் மேலதான்னு."

"நீ ஒரு மண்ணும் சொல்லவேணாம். பேசாம இரு."

ஹெட்ஃபோனை மாட்டினாள். அந்த டேப் வரியை அழித்தாள். ஆனாலும் தெரிந்துவிட்ட பதிலைத் தெரியாததாக ஆக்க முடியாதே. சரி, பதில் சரிதானா என்றாவது பார்ப்போம் என்று, கூப்பிடுகிறவர்களைச் சொல்லும் பட்டனைத் தட்டினாள். இந்த 'இப்போதைய லாரி'யில் யார் யார் எழுதுகிறார்கள்?

முதல் தராசு என்றது குரல். இரண்டாவது தராசு என்று அடுத்து வரவேண்டும். வரவில்லை.

மறுபடி தட்டினாள். வேறு ஏதோ ஒரு பெயர்தான் வந்தது, இரண்டாவது தராசு பட்டியலிலேயே இல்லை. இரண்டாவது தராசின் ஃபைலுக்கே தாவிப் போய்ப் பார்த்தாள். அது தன் லாரியைத் தனியாகத் தன்னிடமே வைத்திருந்தது. அப்படி எழுதியவளே அவள்தான், போன வருஷம்.

"ரஸ், நீ எந்த ஃபோல்டர்ல படிச்சே?"

"நம்ம ஃபோல்டர்லதான். லேப்டாப்புல தேடினேன், முதல்ல வந்ததைத் திறந்து…" அவன் சட்டென்று நிறுத்தினான். லேப்டாப்பை எடுத்துப் பார்த்தான். "ஐயோ. தொடாதே ஃபோல்டர். நான் லார்னோட பழைய நகலைப் படிச்சிருக்கேன்."

காலையில் அவள் கூட்டித் தள்ளிய அதே குப்பை. ரஸ் தன் மெஷினில் தள்ளவில்லை. கண்ணால் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற தைரியம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

"நாலு மணிக்கு நான் இதைச் சொல்லியிருந்தா?" என்றாள் ஐலா.

ரஸ் தலையில் கையை வைத்துக்கொண்டான். லார்ன் ஒரு நிமிஷத்தில் இல்லை என்று காட்டியிருப்பார். அந்த நல்ல மனுஷன் வருத்தப்பட்டுக்கொண்டே ஃபோன் மேஜையைத் துடைத்து வைத்திருப்பார்.

ஐலாவுக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. பதில் தப்பு! அப்படியென்றால் தப்பு இன்னும் ஒளிந்துதான் இருக்கிறது, இன்னும் அவளுக்காகத்தான் காத்திருக்கிறது.

முதல் தராசுக்கு அடுத்து குரல் என்ன பெயரைச் சொன்னது? மறுபடி கேட்டாள். 'சீட்டை மறுபடி அச்சடி.'

இது எதற்கு இங்கே வருகிறது? தாவினாள். எடைச் சீட்டைத் தொலைத்துவிட்டு வந்து விவசாயி கேட்டால், கிடங்கு குமாஸ்தா பழைய சீட்டை மறுபடி அச்சடித்துக் கொடுப்பார். அச்சடிக்க ஒரு லாரி வேண்டும். அதற்காக இந்த வேலை, பழைய சீட்டின் லாரியை எடுத்து 'இப்போதைய லாரி'யில் வைக்கிறது. அச்சடித்துவிட்டு, அதை எடுத்து மாற்றாமல் அப்படியே போய்விடுகிறது.

அந்த நேரத்தில் தராசின் மேல் வேறொரு லாரி நின்றுகொண்டிருந்தால்?

ஐலா திரும்பி வரும் பட்டனைத் தட்டினாள். ஒரு தட்டு. இன்னொரு தட்டு. தராசுக்கு வந்து சேர்ந்தாள். தராசு எந்தச் சந்தேகமும் இல்லாமல் 'இப்போதைய லாரி'யின் பெயரைக் கேட்டு, கோதுமையை அந்தப் பேரில் எழுதிக்கொண்டிருந்தது. சீட்டைத் தொலைத்தவன் பேரில்.

தினமும் யார் சீட்டைத் தொலைக்கிறார்கள்? அதனால்தான் சில நாள் மட்டும்!

இந்தத் தடவை அவள் கத்தவில்லை. மேலே போய் வரி வரியாக நடந்து இறங்கினாள். நாலு ஸ்பேஸ், நாலு ஸ்பேஸ், நாலு ஸ்பேஸ். இந்த அசட்டு வரிகளை எழுதியவள் சாட்சாத் அவளேதான். அதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

*

லார்ன் சரியாக நாலு மணிக்குக் கூப்பிட்டார். ஐலா ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொன்னாள். அவர் "ம்… ம்…" என்று கேட்டார். "கொஞ்சம் இரு" என்று கிடங்குக்கு இன்னொரு ஃபோனில் பேசினார். அந்தக் காத்திருப்பில் ரித்வா புல்லா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தூளாக்கிவிட்டாள்.

"ஐலா" என்றார் லார்ன் திரும்பி வந்து. "அந்த ரெண்டு விவசாயி சண்டை போட்ட அன்னிக்குச் சீட்டு மறுபடி அடிச்சுக் குடுத்ததா குமாஸ்தாவுக்கு நல்லா ஞாபகம் இருக்காம். சீட்டை நாய் கடிச்சுப் போட்டுடுச்சுன்னு கேட்டானாம் ஒருத்தன்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கேக்கக்கூடாது, ஆனா கேக்கறேன். ரஸ் ஏதும் உதவி பண்ணானா?"

ரஸ் வாயைத் திறந்தான். ஐலா அவன் வாயைக் கையால் பொத்தினாள். கண் தெரியாவிட்டாலும் அந்த வாய் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"பண்ணான் லார்ன். எனக்குத் தெரியாம ஒரு பதில் எழுதி வச்சிருந்தான். உங்க தொடாதே ஃபோல்டரைப் படிச்சு, தப்பா. நான் அதை அழிச்சிட்டுத்தான் தேடினேன்."

அந்தப் பக்கம் லார்ன் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமினார்.

"சரி, சரி. அந்த நகலையெல்லாம் இன்னிக்கே அழிச்சிடறேன். நாற்காலி உன்னோடதுதான் ஐலா. திங்கட்கிழமை வந்து, அந்த எடிட்டரை எங்களுக்கும் ஒருதரம் காட்டு. ரஸ்ஸுக்கு முதல்ல."

ஃபோனை வைத்ததும் ரஸ் அவளை அப்படியே தூக்கிச் சுற்றினான். "விடுடா, ஹெட்ஃபோன் வயரு!" என்று அவள் கத்தினாள். "இனிமே என் ஃபைலைத் தொட்டா?"

"ஸ்பேஸ். செத்தாலும் ஸ்பேஸ்."

"தொடவே கூடாது!"

"தொடவே மாட்டேன்."

ரித்வாவும் சிரித்தாள். கைதட்டினாள். அக்காவின் கன்னத்தில் அழுத்தி முத்தம் கொடுத்தாள். கன்னம் ஈரமாயிற்று. எல்லாரும் சந்தோஷத்தில் அழுகிற நேரம், ஐலா அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

நவம்பரில் சாயங்காலம் என்று ஒன்று தனியாகக் கிடையாது. காபி ஆறுவதற்குள் ஜன்னல் பக்கத்து வெளிச்சம் போய்விட்டதை ஐலாவே உணர்ந்தாள். ரஸ் பன்றிக்கறி வாங்கிவர அடுத்த தெருவுக்குப் போயிருந்தான். இன்றைக்கு விருந்து.

"ரித்வா, நீ கிளம்பலியா? பனி கொட்டுதுன்னு ரேடியோல சொன்னான்."

"கிளம்பணும்" என்றாள் ரித்வா. கோட் போடும் சத்தம் கேட்டது. பூட்ஸ் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. கதவு திறக்கவில்லை.

"என்னடி?"

"அத்தான் வந்ததும் என்னைக் கொண்டு விடச் சொல்றியா அக்கா?"

"ஏன், உன் கார் என்னாச்சு?"

"காருக்கு ஒண்ணுமில்ல. இருட்டிடுச்சு."

ஐலா எழுந்து நின்றாள். மதியம் தடுக்கிய பூட்ஸ், எரிகிற விளக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கூச்சல். ஒவ்வொன்றாக, பின்னாலிருந்து, அவள் அந்த மதியத்துக்கே திரும்பிப் போனாள்.

"ரித்வா, இன்னிக்கு ஸ்கூல் லீவா?"

"லீவு இல்லக்கா" என்றாள் ரித்வா. பஸ்ஸைவிட வேகமான அந்த வாய் தட்டுத் தடுமாறியது. "செவ்வாக்கிழமை காலையில, இன்னும் வெளுக்கல. ஸ்டாப்புல ஒரு பொண்ணு நின்னிருக்கா. நான் பாக்கவே இல்ல. பின்னாடி பசங்க கத்தினப்புறம்தான்… அதுக்கு ஒண்ணும் ஆகலக்கா. அன்னிக்கே பஸ் சாவியைக் குடுத்துட்டு வந்துட்டேன்."

ஐலா கையை நீட்டிக்கொண்டு தங்கையை நோக்கி நடந்தாள். பாதி வழியில், சமையலறைச் சுவரில், ஆணியில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த சாவியின் மேல் இன்னொரு கார் சாவி இடித்து மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.